எங்கட பெடியன் எண்டால் போர், மற்றவன்ர பெடியன் எண்டால் வளர்ப்பு

2025 மார்ச் 9: இணையத்தில இழை தொடங்கின அண்ணையின்ர கேள்வி

வெள்ளி இரவு ஸ்காபரோ டவுன் சென்ரருக்குக் கிட்ட புதுசாத் திறந்த பப்புக்குள்ள மூண்டு பேர் துவக்கோட போய் கண்டபாட்டுக்குச் சுட்டு 12 பேர் காயம். ஒருத்தரும் சாகேல்லை, அது கடவுள் புண்ணியம். என்ர கருத்து இதுதான்: இந்த நாட்டில பிள்ளைக்கு ஒரு அடி போடேலாது, போட்டால் பள்ளிக்கூடம் உடன சில்ரன்ஸ் எயிட்டுக்கு, அதுதான் பிள்ளைப் பாதுகாப்பு அமைப்புக்கு, ஃபோன் பண்ணும். அடியாத மாடு படியாது எண்டு எங்கட பழசுகள் சும்மாவே சொன்னவை? கேங்குக்கும் துவக்குக்கும் வளர்ப்பைத் தவிர வேற காரணம் இருக்கெண்டால் ஆராவது சொல்லுங்கோ பாப்பம்.

மார்ச் 9, இரவு: என்ர பதில்

அண்ணை, சுட்டவங்கள் ஆர் எண்டு பொலிசுக்கே இன்னும் தெரியாது. முகத்தை மூடிக்கொண்டு போனவங்கள், என்ன வயசு, எந்த ஊர் ஆக்கள், ஒண்டும் வெளியில வரேல்லை. அவங்கட அப்பா அடிச்சு வளத்தவரோ அடிக்காமல் வளத்தவரோ எண்டது உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?

கனடாவில பிள்ளைக்குக் கை நீட்டவே ஏலாது எண்டதும் சரியில்லை. பிள்ளையைத் திருத்த அளவோட அடிக்கலாம் எண்ட கிரிமினல் கோட் 43ம் பிரிவு இண்டைக்கும் இருக்கு. 2004ல சுப்ரீம் கோர்ட் அதைச் சுருக்கி விட்டது, 2 வயசுக்குக் கீழயும் 12க்கு மேலயும் கூடாது, பெல்ட் தடி ஒண்டும் எடுக்கக்கூடாது, தலையில முகத்தில அடிக்கக்கூடாது எண்டு. நான் அடியுங்கோ எண்டு சொல்லேல்லை, சட்டம் என்ன எண்டுதான் சொல்லுறன்.

மற்றது, நான் 90களில ஸ்காபரோவில மார்க்கம் ரோட் - எக்ளிங்டன் சந்திப் பக்கம் அப்பார்ட்மென்ட்டில வளந்தவன். கேங்குக்குப் போன பெடியளில எனக்குத் தெரிஞ்சவங்கள் அவ்வளவு பேரும் வீட்டில நல்லா வாங்கிக் கட்டினவங்கள்தான். ஒருத்தன்ர அப்பா கேபிள் வயரை மடிச்சு ஃப்ரிட்ஜுக்கு மேல வைச்சிருந்தவர், அது எங்க எல்லாருக்கும் தெரியும். அடி வாங்கி வாங்கி அடிக்குப் பயம் விட்டுப்போனவனைத்தான் சண்டைக்கு முன்னுக்கு விடுவாங்கள். அடியாத மாட்டுக் கதையை அவங்களிட்டக் கேட்டுப் பாருங்கோ.

மார்ச் 10

வேலையில நிண்டு ஃபோனில எழுதுறன், சுருக்கமா. "வளர்ப்பு" எண்டு சொல்லுறவை ஆரும் தங்கட வளர்ப்பைச் சொன்னதை நான் ஒருநாளும் கேக்கேல்லை.

மார்ச் 11

நேற்று எழுதினதை விரிச்சுச் சொல்லச் சொல்லி ஒரு அக்கா கேட்டவ, அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுறன், பொறுமை இல்லாத ஆக்கள் கீழ போங்கோ.

இப்ப இஞ்சை பிறந்த பிள்ளையளுக்கு இது தெரியாது. 90களில ரொறன்ரோ இங்கிலீஷ் பேப்பரில "கேங்" எண்டு வந்தால் அதில பாதி நாள் எங்கட பேர்தான். வி.வி.ரி., ஏ.கே. கண்ணன், ரெண்டு கோஷ்டி. வி.வி.ரி. எண்டது வல்வெட்டித்துறை. வல்வெட்டித்துறையைக் கண்ணாலயே காணாத பெடியளும் அதுக்குள்ள இருந்தவங்கள், ஊர் சும்மா ஒரு பேர்ப்பலகை. வாளும் பொல்லும் பேஸ்போல் பற்றும் எண்டு தொடங்கி, பிறகு துவக்குக்கு வந்தது. கடைக்காரரிட்ட காசு பறிக்கிறது, கள்ளக் கிரெடிட் கார்ட் அடிக்கிறது, கலியாண மண்டபத்துக்குள்ள வந்து மேசை பிரட்டிறது. எங்கட அம்மா கலியாண வீட்டுக்கு வெளிக்கிடேக்க "கார் பார்க்கில நிக்காத, நேர உள்ள வா" எண்டுதான் சொல்லுவா, நகை கவனம் எண்டது அதுக்குப் பிறகு.

1997 கடைசியில ஸ்காபரோவில டோனட் கடை ஒண்டில இருந்த யூனிவர்சிட்டிப் பெடியன் ஒருத்தனைச் சுட்டாங்கள். அவன் எந்தக் கேங்கிலயும் இல்லை. ஆள் மாறிச் சுட்டது. அந்தக் கிழமை எங்கட வீடுகளில கதைச்ச கதை மாதிரி அதுக்குப் பிறகு நான் கேக்கேல்லை, அண்டைக்குத்தான் சனத்துக்கு விளங்கினது வீட்டில ஒழுங்கா இருக்கிற பிள்ளையும் கோப்பி குடிக்கப் போனால் சாகலாம் எண்டு. அடுத்த வருசமே, 1998ல, யூனிவர்சிட்டியில படிச்ச எங்கட பிள்ளையள் சேந்து கனடியத் தமிழ் இளையோர் அபிவிருத்தி மையம் தொடங்கினவை. பெரியாக்கள் தொடங்கேல்லை, 20 வயசுப் பிள்ளையள் தொடங்கினது, அதைக் குறிச்சு வையுங்கோ.

சரி, அப்ப எங்கட ஆக்கள் என்ன காரணம் சொன்னவை? ரேடியோவில, கோயிலில, பேஸ்மென்ட் பார்ட்டியில எல்லாம் ஒரே கதைதான். பெடியள் போரைப் பாத்தவங்கள். குண்டு விழேக்க பங்கருக்குள்ள கிடந்தவங்கள். தகப்பன் இஞ்சை, தாய் அங்கை, பிள்ளை சித்தப்பா வீட்டில. தாய் தகப்பன் ரெண்டு வேலை, பகல் ஃபக்டரி, இரவு ஒஃபிஸ் கிளீனிங். பள்ளிக்கூடத்தில "பாக்கி" (பாகிஸ்தான்காரன் எண்டு இழிவாச் சொல்லுறது) எண்டு அடிக்கிறாங்கள், அதுக்குத்தான் முதலில பெடியள் கூட்டம் சேந்தது. இவ்வளவும் உண்மை. நான் ஒண்டையும் மறுக்கேல்லை, கடைசி ரெண்டும் என்ர வீட்டுக் கதை. ஆனால் அந்த ரேடியோவில ஒருத்தராவது "எங்கட வளர்ப்புச் சரியில்லை, எங்கட கலாச்சாரமே இப்பிடித்தான்" எண்டு சொன்னதில்லை. அப்பிடி எழுதினது வெள்ளைக்காரப் பேப்பர், அதுக்கு நாங்கள் கொதிச்சுப்போய் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினம்.

இப்ப அதே வாய், ஸ்காபரோ மால்வேர்னில ஒரு கறுப்புப் பெடியன் சுட்டால், "அவங்கட கலாச்சாரம், தகப்பன் இல்லாத வீடு" எண்டுது. தகப்பன் இல்லாத வீடு! 1991ல எங்கட மாடியில எத்தினை வீட்டில தகப்பன் இருந்தவர்? ஆள் கொழும்பு லொட்ஜில, இல்லாட்டி பாங்கொக்கில வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரனைப் பாத்துக்கொண்டு நிண்டவர்.

மார்ச் 12

"அது வேற இது வேற" எண்டு மூண்டு பேர் எழுதியிருக்கிறீங்கள். என்ன வேற எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

ஒரு தம்பி மட்டும் ஒழுங்காக் கேட்டிருக்கிறார்: எங்கட கேங் முடிஞ்சுபோச்சுத்தானே, அப்ப நாங்கள் திருந்தினம், மற்றவை ஏன் திருந்தேல்லை எண்டு. நல்ல கேள்வி.

முடிஞ்சது எப்பிடி? பொலிசைக் கேட்டால் 2001 அக்டோபர் எண்டுவினம், புரொஜெக்ட் 1050 எண்டு பேர் வைச்சு, குடிவரவுத் துறையையும் சேத்துக்கொண்டு 50 பேரளவில ஒரேயடியாத் தூக்கினவை. கனக்கப் பேருக்கு சிட்டிசன்ஷிப் இல்லை, அதால கோர்ட்டில கொலைக் கேஸ் நிரூபிக்கிற கரைச்சல் இல்லாமல் நாடுகடத்தல் எண்டு உள்ள போடலாம். இளையோர் மையத்தில நிண்டவையைக் கேட்டால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய்க் கதைச்சது எண்டுவினம். கோயிலில கேட்டால் கோயில் எண்டுவினம். என்னைக் கேட்டால், எல்லாத்தோடயும் சேத்து ஒரு சின்ன விஷயம்: சனத்துக்குக் கையில காசு வந்தது. அப்பார்ட்மென்ட்டை விட்டு மார்க்கம், ஏஜக்ஸ், பிக்கரிங் எண்டு நகரத்துக்கு வெளி ஊருகளில வீடு வாங்கிக்கொண்டு போச்சினம். என்னோட நிண்ட ஒருத்தன் கேங்கை விட்டது மனம் திருந்தி இல்லை, தகப்பன் ஏஜக்ஸில வீடு வாங்கினார், அங்கையிருந்து எங்கட பக்கத்துக்கு நேர பஸ் இல்லை. விசர்க்கதை மாதிரி இருக்கும், ஆனால் அவன் இண்டைக்கும் அதைத்தான் சொல்லுறான்.

அப்ப "திருந்தினம்" எண்ட சொல்லை நான் பாவிக்க மாட்டன். எங்களுக்கு வெளியேற இடம் இருந்தது. வங்கிக்காரன் எங்களுக்கு மோர்ட்கேஜ் தந்தவன். இதே நகரத்தில மூண்டு தலைமுறையா அரசாங்க வீட்டில இருக்கிற குடும்பத்துக்கு அந்தக் கதவு அப்பிடித் திறந்ததோ எண்டு ஒருக்கா யோசியுங்கோ.

மார்ச் 12, பின்னேரம்

ஏஜக்ஸில இப்ப பஸ் இருக்கு எண்டு ஒருத்தர் கோவிச்சிருக்கிறார். ஓம் அண்ணை, இருக்கு. நான் சொன்னது அப்ப.

மார்ச் 15

2005ஐப் பற்றி ஒருத்தர் போட்டிருக்கிறார், "துவக்குக் கோடை" எண்டு பேப்பர்காரர் பேர் வைச்ச வருசம், 200 கொலை எண்டு. 200 இல்லை. 80 கொலை, அதில 52 துவக்கால. அதே வருசம் சிக்காகோவில 450 அளவில, சனத்தொகை ரெண்டுக்கும் ஏறத்தாழ ஒண்டுதான். ரொறன்ரோ சிக்காகோ ஆகிட்டுது எண்டு எழுதிறவை இதையும் பாக்கவேணும். ஆனால் 52 சின்னக் கணக்கு எண்டும் நான் சொல்லேல்லை, செத்தவன்ர நண்பனை அவன்ர செத்தவீட்டிலயே, சேர்ச் வாசலில வைச்சுச் சுட்ட வருசம் அது.

அந்த வருசத்தைப் பற்றி எனக்கு நல்லா நினைவில நிக்கிறது வேற. கோடை முழுக்க ஸ்காபரோவிலயும் ரெக்ஸ்டேலிலயும் ஜேன் - ஃபின்ச்சிலயும் பெடியள் செத்துக்கொண்டே இருந்தாங்கள், பேப்பரில உள்பக்கம். டிசம்பர் 26, பொக்சிங் டே, யங் ஸ்ட்ரீட்டில, ஈட்டன் சென்ரருக்கு முன்னால, ரெண்டு கோஷ்டி சுடேக்க நடுவில கடைக்கு வந்த 15 வயசு வெள்ளைக்காரப் பிள்ளை செத்தது. அடுத்த நாளில இருந்து நாடே காரணம் தேடினது. எலெக்ஷன் நேரம் வேற. அந்தப் பிள்ளை பாவம், அந்தத் தாய் தகப்பனை நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் அதுக்கு முதல் செத்த பெடியளுக்கு "ஏன்?" எண்டு கேக்கேல்லை, "ஆர் அவன், கேங்கோ?" எண்டுதான் கேட்டவை. கேங் எண்டு பதில் வந்தால் கேள்வி அதோட சரி. எங்கட டோனட் கடையிலயும் இதேதான் நடந்தது, அதுக்கு முதல் வெட்டுப்பட்டுச் செத்த பெடியளுக்கு ஆர் கூட்டம் போட்டவை?

2007 மே மாசம் நோர்த் யோர்க்கில ஹைஸ்கூல் ஒண்டுக்குள்ள 15 வயசுப் பெடியனைச் சுட்டாங்கள். அதுக்குப் பிறகுதான் ஒன்ராறியோ அரசாங்கம் ரெண்டு பேரை வைச்சு விசாரிச்சது. ரோய் மக்மெர்ட்ரி, முந்திப் பிரதம நீதியரசர், கொன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். மற்றவர் அல்வின் கர்லிங், எங்கட ஸ்காபரோ - ரூஜ் ரிவரில எம்.பி.பி.யா, மாகாண சபை உறுப்பினரா, இருந்தவர், லிபரல். 2008 நவம்பரில தடிப்பு தடிப்பா வொல்யூம் வொல்யூமா அறிக்கை வந்தது. வறுமை, இனவாதம், வீடுகள் கட்டிவைச்ச விதம், பள்ளிக்கூடம், குடும்பம், வேலையின்மை, பொலிசும் கோர்ட்டும் நடத்திற விதம், எல்லாம் இருக்கு. நான் முழுக்க வாசிக்கேல்லை, பொய் சொல்ல மாட்டன், முதல் வொல்யூமும் அங்கை இஞ்சையும். அதில எனக்குப் பிடிச்ச இடம், வறுமை நேர துவக்கைத் தூக்க வைக்கிறேல்லை, நடுவில ஒரு மனநிலை இருக்கு எண்டு பிரிச்சுச் சொல்லுகினம்: தன்னை ஒருத்தரும் கேக்கிறேல்லை, அநியாயமா நடத்தினம், இனி ஒரு வழியும் இல்லை எண்டு இருக்கிற பிள்ளை, மற்றவன்ர நோவும் தெரியாது, நாளைக்கு என்ன எண்டும் யோசிக்காது. அதை வாசிக்கேக்க எனக்கு மால்வேர்ன் நினைவு வரேல்லை, எங்கட மாடி லிஃப்ட் நினைவு வந்தது.

"வறுமை எண்டால் எல்லா ஏழையும் சுடோணுமே" எண்டு கேக்கிறவைக்கு பதில் 2008லயே எழுதி வைச்சிருக்கு எண்டு சொல்லத்தான் இவ்வளவும்.

மார்ச் 16

இல்லை அண்ணை, எனக்கு லிபரல் கட்சி காசு தரேல்லை. தந்தால் வாங்குவன்.

மார்ச் 23

துவக்கு எங்க இருந்து வருது எண்டு ஒருத்தரும் இஞ்சை கேக்கேல்லை, வளர்ப்பு கலாச்சாரம் எண்டு ரெண்டு கிழமை அடிபட்டாச்சு. ரொறன்ரோ பொலிஸ் கைப்பற்றி, இடம் கண்டுபிடிச்ச கைத்துவக்குகளில 10க்கு 8க்கு மேல அமெரிக்காவில இருந்து வந்தது எண்டு அவையே திரும்பத் திரும்பச் சொல்லுகினம். 2022ல அமெரிக்க எல்லையில, சென் கிளெயர் ஆத்தங்கரையில, போர்ட் லாம்டன் எண்டு ஒரு சின்ன ஊர், ஒரு வீட்டு மரத்தில பெரிய ட்ரோன் ஒண்டு மாட்டுப்பட்டு நிண்டது, இறக்கிப் பாத்தால் 11 கைத்துவக்கு. அண்டைக்குக் காத்தும் மரமும் பொலிஸ் வேலை பாத்தது. மாட்டுப்படாமல் வந்த ட்ரோன் எத்தினை எண்டு ஆர் கண்டது.

ஒட்டாவா, அதுதான் மத்திய அரசாங்கம், என்ன செய்தது? 2020ல 1,500 மாடல் ரைஃபிளைத் தடை செய்தது, 2022 அக்டோபர் 21ல இருந்து கைத்துவக்கு வாங்க விக்க ஏலாது எண்டு நிப்பாட்டினது. லைசென்ஸோட வைச்சிருந்தவன்தான் அதுக்குள்ள மாட்டுப்பட்டான். கடத்திக்கொண்டு வாறவன் கடையில வாங்கிறானே? ஆனால் இதையும் அரைவாசியாச் சொல்லக்கூடாது. 2018 ஜூலை டான்ஃபோர்த்தில கடைத்தெருவில சுட்டு ரெண்டு பேர் செத்து 13 பேர் காயப்பட்ட கேஸில, துவக்கு சஸ்காச்சுவானில களவு போனது, உள்நாட்டுச் சாமான். அதோட, சுட்டவன்ர பேர் வெளிய வந்த இரவு எங்கட வாட்ஸ்அப் குறூப்பில விடிய முதலே காரணம் முடிவாகிட்டுது, முஸ்லிம் பேரைப் பாத்து, பயங்கரவாதம் எண்டு. பொலிஸ் ஒரு வருசம் விசாரிச்சு அப்பிடி ஒரு இயக்கத் தொடர்பும் காணேல்லை எண்டு சொல்லேக்க அந்தக் குறூப்பில ஒருத்தரும் அதைப் போடேல்லை. நானும் போடேல்லை, சும்மா சண்டை வேண்டாம் எண்டு.

ஏப்ரல் 6

சரி, நான் சாப்பிடுற தொழிலைப் பற்றி எழுதுறன். அடிபட்ட கார் திருத்திற பொடி ஷொப்பில கன வருசமா நிக்கிறன். எந்தக் கடை எண்டு கேக்கவேண்டாம், இப்ப அங்கை இல்லை.

டோ ட்ரக்காரர், அதுதான் அடிபட்ட கார் இழுக்கிற வண்டிக்காரர், ஏன் ஒருத்தனை ஒருத்தன் சுடுறான், ட்ரக்கை எரிக்கிறான் எண்டு சனம் கேக்கிது, கேட்டுப்போட்டு "காடையர் கூட்டம்" எண்டு முடிக்கிது. கணக்கைப் பாருங்கோ. 401 ஹைவேயில ஒரு அக்சிடன்ட். முதல் போய் நிக்கிறவனுக்குக் கார். காரை இழுக்கிற காசு ஒரு காசே இல்லை. அந்தக் காரை எந்தக் கடைக்குக் கொண்டுபோறானோ அந்தக் கடை அவனுக்குக் கையில குடுக்கும். கடையில காரை விட்டு வைச்சால் நாளுக்கு இவ்வளவு எண்டு ஸ்டோரேஜ். ஆளுக்கு வாடகைக் கார், அதில ஒரு வெட்டு, கொமிஷன். கழுத்து நோகுதோ எண்டு கேட்டு ஃபிசியோவுக்கு அனுப்பினால் ஒரு வெட்டு, கேஸ் போடுற பரலீகலுக்கு (சட்ட உதவியாளருக்கு) அனுப்பினால் ஒரு வெட்டு. கடைசியில இன்சூரன்ஸ் கட்டும், இன்சூரன்ஸ் எங்களிட்ட வாங்கும். ரோட்டில கிடக்கிற ஒரு நசிஞ்ச கொரோல்லாவுக்குப் பின்னால ஆயிரக்கணக்கில ஓடுது. அந்த ரோட்டுத்துண்டு ஆருக்கு எண்டதுதான் சண்டை.

2020 மே மாசம் யோர்க் பொலிஸும் ஓ.பி.பி. எண்ட மாகாணப் பொலிஸும் சேந்து புரொஜெக்ட் பிளாட்டினம் எண்டு பிடிச்சது இதைத்தான், கொலையும் இருந்தது, எரிப்பும் இருந்தது, இன்சூரன்ஸ் மோசடியும் இருந்தது, எல்லாம் ஒரே கேஸுக்குள்ள. இந்த ட்ரக் ஓடுறவங்களில எல்லா நாட்டுக்காரனும் இருக்கிறான். தகப்பன் உள்ள வீட்டுக்காரன், மார்க்கத்தில நாலு அறை வீட்டுக்காரன். என்ர கடைக்கு வந்தவன் ஒருத்தன் மகளின்ர பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு எனக்குக் கார்ட் தந்தவன், வண்டி சீட்டுக்குக் கீழ என்ன வைச்சிருந்தவன் எண்டு நான் பாக்கேல்லை, பாக்க விரும்பவும் இல்லை. கலாச்சாரம் போதாதெண்டு அவனுக்குச் சொல்லுவீங்களோ?

பப் சூட்டைப் பற்றி நான் இதில ஒண்டும் சொல்லேல்லை, அதை இதோட முடிச்சுப் போடவேண்டாம்.

ஏப்ரல் 7

நேற்று எழுதிப்போட்டுப் படுத்தால் நித்திரை வரேல்லை. காசுதான் காரணம் எண்டு எழுதினது மாதிரி இருக்கு, அது நான் நினைக்கிறது முழுக்க இல்லை.

டோ ட்ரக்குக்குக் காசு சரி. ஆனால் 14, 15 வயசில துவக்கோட பிடிபடுறவன் இருக்கிறானே, அவனுக்குக் காசு எங்க? 2022 பெப்ரவரியில ஸ்காபரோ ஹைஸ்கூல் ஒண்டுக்குள்ள 18 வயசுப் பெடியன் செத்தான், பிடிபட்டது 14 வயசு. அவங்கள் ஃபோனில ஒருத்தனுக்கு ஒருத்தன் விடுற வீடியோவைப் பாத்தால் அவ்வளவும் மானக்கேட்டுக் கதை, செத்தவன்ர பேரைச் சொல்லிச் சிரிக்கிறது, "உன்ர ஆளை விழுத்தினம், நீ என்ன செய்தனி". எங்கட காலத்திலயும் வாள்வெட்டில பாதி அப்பிடித்தான் தொடங்கினது. ஆர் ஆரை முறைச்சுப் பாத்தது, ஆரின்ர தங்கச்சியோட ஆர் கதைச்சது. ஃபோன் இல்லாதபடியால் கதை பரவ ஒரு கிழமை எடுக்கும், அதுக்குள்ள ஆராவது பெரிய பெடியன் நடுவில பூந்து சமாதானம் பேசுவான். இப்ப மத்தியானம் போட்ட வீடியோவுக்கு இரவு சூடு, பேசுறதுக்கு இடைவெளியே இல்லை.

அதால ஒரு காரணத்தைத் தூக்கிக்கொண்டு வாறவையை நான் இனி நம்புறதா இல்லை, நேற்று இரவு எழுதின என்னையும் சேத்து.

ஏப்ரல் 20

இழை யாழ்ப்பாணத்துக்குப் போட்டுது, நல்லது, எனக்கும் அதைச் சொல்ல ஆசை. ஆவா குழு. கொக்குவில், இணுவில் பக்கம் மோட்டார்சைக்கிளில வாளோட போய் வீட்டு யன்னல் அடிக்கிற பெடியள். அதுக்கு எங்கட ஆக்கள் சொல்லுற காரணம் என்ன? ஆமி வேணுமெண்டு வளர்க்குது. கஞ்சாவை வேணுமெண்டு உள்ள விடுது. வேலை இல்லை. வெளிநாட்டுக் காசு வந்து பெடியளைக் கெடுத்துப்போட்டுது. 2016ல ராஜித சேனாரத்ன அமைச்சரா இருக்கேக்கயே ஆமி ஆக்கள் உருவாக்கினது எண்டு பகிரங்கமாச் சொன்னவர், அதால அந்தக் கதையை வெறும் வதந்தி எண்டும் தள்ளேலாது.

நான் கேக்கிறது இவ்வளவுதான். கொக்குவில் பெடியன் வாள் தூக்கினால் அரசாங்கம், ஆமி, வேலையின்மை, போருக்குப் பிந்தின வெறுமை எண்டு அவ்வளவு காரணம் உங்களுக்கு வாயில வருது. ஜேன் - ஃபின்ச் பெடியனுக்கும் அரசாங்கம் ஒண்டு இருக்குத்தானே? 1995ல ஒன்ராறியோ முதல்வர் மைக் ஹரிஸ் வெல்ஃபெயரை, ஏழையளுக்குக் குடுக்கிற அரசாங்கக் காசை, 21.6 வீதம் வெட்டினது ஆரின்ர வீட்டில விழுந்தது? 2000ல பள்ளிக்கூடப் பாதுகாப்புச் சட்டம் எண்டு கொண்டுவந்து, சண்டை பிடிச்சவனை உடன வெளிய போடு எண்டு வைச்சினம். வெளிய போட்ட பெடியன் பகல் முழுக்க எங்க நிண்டவன்? மோலில. மோலில ஆர் நிண்டவன்? மனித உரிமை ஆணைக்குழு வரைக்கும் முறைப்பாடு போய், 2008ல அதைத் தளர்த்தினவை. அந்த இடைப்பட்ட வருசங்களில வெளிய போன பெடியள்தான் அந்த "துவக்குக் கோடை"க்கு வயசு வந்தவங்கள் எண்டு நான் அடிச்சுச் சொல்ல மாட்டன், ஆனால் வருசத்தைப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

ஏப்ரல் 21

"அப்ப செய்தவனுக்குப் பொறுப்பு இல்லையோ, தண்டனை வேண்டாமோ?"

ஆர் சொன்னது? சுட்டவன் உள்ள போகவேணும். டோனட் கடைப் பெடியன்ர தாய்க்கு முன்னால நிண்டு வேர்க்காரணம் எண்டு விளக்கம் குடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. நான் கேக்கிறது உள்ள போட்டாப் பிறகு அடுத்தவன் ஏன் வாறான் எண்டது. 2001ல தூக்கின ஆக்களின்ர இடத்துக்கு எங்கட அடுத்த பெடியள் அவ்வளவா வரேல்லை. மால்வேர்னிலயும் கிங்ஸ்டன் - கெலவேயிலயும் 2004ல இதே மாதிரிப் பெரிய பெரிய வலை போட்டுக் கோஷ்டி கோஷ்டியா அள்ளினவை. 2012 ஜூலையில அதே கெலவேக்குப் பக்கத்தில டான்சிக் ஸ்ட்ரீட் பார்ட்டியில சுட்டு ரெண்டு பேர் செத்து, 20க்கு மேல காயம். ஒரே பொலிஸ், ஒரே மாதிரி வேலை, ஒரு இடத்தில நிண்டுது, மற்ற இடத்தில நிக்கேல்லை. அந்த வித்தியாசத்துக்குள்ளதான் பதில் கிடக்கு.

டான்சிக்குக்குப் பிறகு மேயர் ரொப் ஃபோர்ட் என்ன சொன்னவர் எண்டு நினைவிருக்கோ? துவக்குக் குற்றக்காரர் நகரத்தில இருக்கக்கூடாது, குடிவரவுச் சட்டத்தில என்ன வழி இருக்கெண்டு பாக்கவேணும் எண்டு. இஞ்சையே பிறந்தவனை எந்தப் பிளேனில ஏத்துறது எண்டு அவர் சொல்லேல்லை. எங்கட ஆக்கள் கைதட்டினவை. 11 வருசத்துக்கு முதல் பிளேனில ஏத்தினது எங்கட பெடியளை.

மே 4

ஒரு அக்கா எழுதியிருக்கிறா: அவவின்ர தெருவில வீடு விக்கிற ஏஜென்ட் விளம்பரத்தில மால்வேர்ன் எண்டு போடாமல் "ரூஜுக்கு அருகில்" எண்டு போடுறாராம். ஹாஹா. நானும் வேலைக்கு விண்ணப்பம் எழுதேக்க மார்க்கம் - எக்ளிங்டன் எண்டு சொல்ல மாட்டன், "ஸ்காபரோ கிழக்கு".

பிரம்ரன் காசுபறிப்புச் சூடுகளைப் பற்றி எழுதச் சொல்லி இன்னொருத்தர். 2023 கடைசியில பீல் பொலிஸ் அதுக்கெண்டே தனிப் பிரிவு தொடங்கினது, கடை வாசலில வந்து சுட்டுப்போட்டு வாட்ஸ்அப்பில காசு கேக்கிறது. எங்கட ஆக்கள் "பஞ்சாபிக்காரர் நாட்டைக் கெடுத்துப்போட்டாங்கள்" எண்டு சொல்லேக்க எனக்கு ஒரு கடை முதலாளி ஞாபகம் வாறார். 1996ல மாசம் மாசம் எங்கட பெடியளுக்கே கட்டினவர், பொலிசுக்குச் சொல்லேல்லை, ஊரில அந்தப் பெடியன்ர குடும்பமும் அவரின்ர குடும்பமும் ஒரே ஒழுங்கை. பஞ்சாபி முதலாளியும் ஏன் சொல்லுறார் இல்லை எண்டு இப்ப விளங்கும்.

ஜூன் 18

ரொறன்ரோ பொலிஸ் டோ ட்ரக் ஆக்கள் 20 பேரளவில பிடிச்சிருக்கு, செய்தி பாத்திருப்பீங்கள். கேள்வி கேட்டுத் தொடங்கின அண்ணை உடன வந்து "பாத்தியோ, கடுமையாப் பிடிச்சால் அடங்கும்" எண்டு எழுதியிருக்கிறார். அண்ணை, மார்ச்சில வளர்ப்பு எண்டனீங்கள், ஜூனில பொலிஸ் எண்டுறீங்கள், முன்னேற்றம்தான். 2020லயும் பிடிச்சவை. சுடுறவனைப் பிடிச்சிட்டினம், கொமிஷன் அப்பிடியே கிடக்கு.

ஜூன் 19

கீழ ஒரு தங்கச்சி கேட்டது உபயோகமான கேள்வி, அதுக்குப் பதில் போடுறன். அக்சிடன்ட் நடந்து டோ ட்ரக் தானா வந்து நிண்டால் என்ன செய்யிறது?

ஒண்டுக்கும் உடன கையெழுத்து வைக்காத. 2024 ஜூலையில இருந்து ஒன்ராறியோவில டோ ட்ரக் ஓடுறவனுக்கு மாகாண சர்ட்டிஃபிகேட் இருக்கவேணும், கேள், காட்டாட்டி வேண்டாம் எண்டு சொல்லு. இழுக்க முதல் சம்மதப் பத்திரமும் விலையும் தரவேணும், காசு மட்டும்தான் வாங்குவன் எண்டு சொல்லேலாது, கார்ட் எடுக்கவேணும். காரை எங்க கொண்டுபோறது எண்டு நீதான் சொல்லவேணும், நீ கேக்காமல் அவன் கடை பேர் சொல்லக்கூடாது. 401, 400, 427, கியூ.ஈ.டபிள்யூ. ஹைவேகளில சில துண்டுகளில அரசாங்கம் அனுமதிச்ச கொம்பனி மட்டும்தான் வரலாம், மற்றவன் வந்து நிண்டால் அதுவே சந்தேகம். இன்சூரன்ஸுக்கு அங்கை நிண்டே ஃபோன் அடி. வாக்குவாதப்படாத, கதவைப் பூட்டிக்கொண்டு காருக்குள்ள இரு.

கழுத்து நோகுதோ எண்டு கேட்டால் டொக்டரிட்டச் சொல்லுறன் எண்டு சொல்லு.